பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் விசென்டர் உள்ளே விடாது

காலையில் வந்து உட்கார்ந்து, விர்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விஎம்வேரின் மென்பொருளான விசென்டரின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு, என்டர். திரையில் 400 என்று ஒரு எண், கூடவே "சைனிங் சர்டிபிகேட் இஸ் நாட் வேலிட்" என்று ஒற்றை வரி. நேற்று மாலை வரை நன்றாக வேலை செய்தது. நடுவில் யாரும் எதையும் தொடவில்லை, அப்டேட் போடவில்லை, பாஸ்வேர்டும் மாறவில்லை. விர்சுவல் மெஷின்கள் எல்லாம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன, பயனர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. அவற்றை நிர்வகிக்கிற இடத்துக்குள் மட்டும் உங்களால் நுழைய முடியவில்லை.

இது கற்பனையில்லை, 2020 வாக்கில் பல இடங்களில் நடந்ததுதான். ஏன் நடந்தது என்று புரிய வேண்டுமானால் விசென்டரின் லாகின் பக்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எஸ்எஸ்ஓ, அதாவது சிங்கிள் சைன் ஆன் என்றதும் லாகின் பக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். லாகின் பக்கம் அதில் ஆகச் சிறிய துண்டு. விசென்டருக்குள் ஓடும் சர்வீஸ்கள் ஒன்றையொன்று நம்புவதே எஸ்எஸ்ஓ வழியாகத்தான். அது படுத்தால் மனிதர்கள் மட்டுமல்ல, உள்ளே இருக்கிற மென்பொருளும் ஒன்றோடொன்று பேச முடியாமல் போய்விடும்.

கொஞ்சம் பின்னால் போவோம். ஒவ்வொரு சர்வரிலும் விர்சுவல் மெஷின்களை ஓட்டும் இஎஸ்எக்ஸ்ஐ என்ற ஹைப்பர்வைசர் இருக்கும், அதற்கென்று தனியாக ரூட் கணக்கும் தனி வெப் பக்கமும் உண்டு. 3 சர்வர் இருந்தால் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிடலாம். 30 இருந்தால் முடியாது. அதனால்தான் விஎம்வேர் 2003-ல் விர்சுவல் சென்டர் என்ற நிர்வாக மென்பொருளைக் கொண்டுவந்தது, பின்னாளில் அதன் பெயர் விசென்டர் ஆனது. அந்தக் காலத்தில் அது விண்டோஸில் ஓடும் ஒரு புரோகிராம், லாகின் விஷயத்தை அப்படியே விண்டோஸிடம் விட்டுவிடும். அந்த மெஷினின் லோக்கல் பயனரோ, நிறுவனத்தின் பயனர் பட்டியலை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் பயனரோ வந்தால், விண்டோஸ் "சரி" என்று சொன்னால் விசென்டரும் சரி என்று சொல்லும். அவ்வளவுதான், அழகான ஏற்பாடு. சிக்கல் எப்போது வந்தது என்றால் விசென்டரைச் சுற்றி வெப் கிளையன்ட், இன்வென்ட்டரி சர்வீஸ், ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கூடியபோதுதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக "நான் இன்னார்" என்று நிரூபித்துக்கொண்டிருக்க முடியுமா?

இஎஸ்எக்ஸ்ஐ-யும் விசென்டரும் சேர்ந்த தொகுப்புக்கு விஸ்பியர் என்று பெயர். 2012 செப்டம்பரில் வந்த விஸ்பியர் 5.1-ல் இதற்கு விடையாக எஸ்எஸ்ஓ நுழைந்தது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வரவேற்பறையில் ஒரே ஒரு தடவை அடையாள அட்டையைக் காட்டுகிறீர்கள், அவர்கள் முத்திரை குத்தி ஒரு சீட்டு தருகிறார்கள், அதில் உங்கள் பெயரும் எத்தனை மணி வரை செல்லும் என்பதும் இருக்கும். அப்புறம் எந்த மாடிக்குப் போனாலும் அங்கிருக்கும் காவலர் உங்கள் அட்டையைக் கேட்பதில்லை, சீட்டில் உள்ள முத்திரையையும் நேரத்தையும் மட்டும் பார்ப்பார். அந்த வரவேற்பறைதான் எஸ்டிஎஸ், செக்யூரிட்டி டோக்கன் சர்வீஸ். சீட்டு என்பது சாம்ல் டோக்கன். முத்திரை என்பது எஸ்டிஎஸ்-இன் சைனிங் சர்டிபிகேட். முதல் பத்தியில் காலாவதி ஆனது இந்த முத்திரைதான். வரவேற்பறையில் ஆள் இருக்கிறார், உங்கள் அட்டையும் சரி, ஆனால் அவர் குத்தித் தரும் முத்திரையை எந்த மாடியிலும் ஏற்க மாட்டார்கள்.

முதல் பதிப்பு நன்றாக இல்லை என்பதை மரியாதைக்காகக்கூட மறைக்க முடியாது. ஆர்எஸ்ஏ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள், அதற்கென்று தனியாக ஒரு டேட்டாபேஸ் வேண்டும், நிர்வாகக் கணக்கின் பெயர் அட்மின்@சிஸ்டம்-டொமைன், இன்ஸ்டால் செய்யும்போது கொடுக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டு என்று ஒன்று தனி. அடுத்த ஆண்டே, 2013-ல், 5.5 வந்தபோது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்க புதிதாக எழுதினார்கள். தனி டேட்டாபேஸ் போனது. அதற்குப் பதிலாக விஎம்டிர் என்ற ஒரு எல்டாப் டைரக்டரி, அதாவது பயனர் விவரங்களை வைத்திருக்கும் பட்டியல், உள்ளேயே வந்தது. இன்றைக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்@விஸ்பியர்.லோக்கல் என்ற கணக்கு பிறந்ததும் அப்போதுதான்.

இந்தப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. விஸ்பியர்.லோக்கல் என்பது எஸ்எஸ்ஓ-வின் சொந்த டொமைன், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. 6.0 முதல் இந்தப் பெயரை இன்ஸ்டால் செய்யும்போதே மாற்றிக்கொள்ளலாம், உடனே சிலர் ஆர்வத்தில் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி பெயரையே அங்கேயும் கொடுத்துவிடுவார்கள். ஒரே பெயரில் இரண்டு டொமைன்கள் ஆகிவிடும், பின்னால் அந்த ஆக்டிவ் டைரக்டரியை விசென்டரில் சேர்க்கப் போனால் இடிக்கும். மாற்றாமல் விஸ்பியர்.லோக்கல் என்றே விடுவதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து.

2015-ல் 6.0 வந்தபோது எஸ்எஸ்ஓ, லைசென்ஸ் சர்வீஸ், சர்டிபிகேட் வழங்கும் விஎம்சிஏ எல்லாவற்றையும் மூட்டை கட்டி பிளாட்பார்ம் சர்வீசஸ் கன்ட்ரோலர் என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக பிஎஸ்சி. இதை விசென்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், அல்லது தனி மெஷினாக வெளியே வைக்கலாம். பல விசென்டர்களை ஒரே திரையில் சேர்த்துப் பார்க்கும் என்ஹான்ஸ்டு லிங்க்டு மோட் வேண்டுமென்றால் பிஎஸ்சி வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய வழிமுறை. அதனால் எல்லோரும் வெளியே வைத்தார்கள், ஒன்று போனால் இன்னொன்று என்று இரண்டாக வைத்தார்கள், இரண்டுக்கும் முன்னால் ஒரு லோட் பேலன்ஸர் வைத்தார்கள். வரைபடம் பார்க்க அமர்க்களமாக இருக்கும். பழுதானால் எங்கே கை வைப்பது என்றுதான் தெரியாது. அப்புறம் 6.5 அப்டேட் 2, 6.7 பதிப்புகளில் உள்ளேயே இருக்கும் பிஎஸ்சி-யை வைத்தும் லிங்க்டு மோட் செய்யலாம் என்றார்கள், 6.7 அப்டேட் 1-ல் வெளியே போனதை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கன்வெர்ஜ் கருவியும் கொடுத்தார்கள், 2020-ல் 7.0 வந்தபோது வெளி பிஎஸ்சி என்பதே இல்லாமல் போனது, விண்டோஸ் விசென்டரும் அதோடு போனது. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுபோய், மறுபடி உள்ளேயே கொண்டுவர 5 வருடம்.

சரி, இப்போது டோக்கனைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அதில் உங்கள் பெயர் இருக்கும், நீங்கள் இருக்கும் குழுக்கள் இருக்கும், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்பது இருக்கும், கடைசியில் எஸ்டிஎஸ்-இன் கையொப்பம். இது இரண்டு வகை. ஒன்று பேரர் டோக்கன், கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் செல்லும், அதனால் அதற்கு ஆயுள் குறைவு, இயல்பாக 5 நிமிடம்தான். இன்னொன்று ஹோல்டர் ஆஃப் கீ, வைத்திருப்பவர் தன் சொந்தச் சாவியையும் நிரூபித்தால்தான் செல்லும், இதற்கு 30 நாள் வரை ஆயுள். பேரர் டோக்கனை நீங்கள் வழியில் தவறவிட்டால் கண்டெடுத்தவர் உள்ளே போய்விடுவார், ஹோல்டர் ஆஃப் கீ-யைத் தவறவிட்டால் அது அவருக்கு வெறும் காகிதம்.

நேரம் என்று வந்துவிட்டதால் கடிகாரத்தைச் சொல்லியாக வேண்டும். டோக்கனைத் தருகிற இடத்திலும் சரிபார்க்கிற இடத்திலும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் இப்போதுதான் அச்சான டோக்கன் "இன்னும் நேரம் வரவில்லை" என்றோ "முடிந்துபோனது" என்றோ தள்ளுபடியாகும். எஸ்எஸ்ஓ இதற்காக 10 நிமிடம் வரை விட்டுக்கொடுக்கிறது, அமைப்புகளில் போய்ப் பார்த்தால் 600000 மில்லிசெகண்ட் என்று இருக்கும். 10 நிமிடம் எங்கே தப்பப்போகிறது என்று தோன்றும். விசென்டர் தன் நேரத்தை அது ஓடும் இஎஸ்எக்ஸ்ஐ-யிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது, அந்த ஹோஸ்டில், அதாவது இஎஸ்எக்ஸ்ஐ ஓடும் சர்வரில், கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி சர்வீஸ் எப்போதோ நின்றுபோயிருக்கிறது, ஹோஸ்டின் மதர்போர்டு பேட்டரியும் வயதானது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை மின்சாரம் போய் வந்தால் போதும், 10 நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. லாகின் பிரச்சினை என்று வந்தால் பாஸ்வேர்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மூன்று இடங்களில், அதாவது விசென்டரிலும் ஹோஸ்டிலும் ஆக்டிவ் டைரக்டரியிலும் மணி என்ன என்று பார்ப்பது என் வழக்கம். அடுத்தது டிஎன்எஸ். விசென்டரின் முழுப் பெயரும் அதன் ஐபியும் இரண்டு திசையிலும் சரியாகப் பொருந்துகிறதா என்பது. இந்த இரண்டிலேயே பாதி வழக்குகள் முடிந்துவிடும்.

இதில் மனிதர்களைவிட அதிகம் டோக்கன் வாங்குவது விசென்டரின் சர்வீஸ்கள்தான் என்பதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. மெஷின், விபிஎக்ஸ்டி, விபிஎக்ஸ்டி எக்ஸ்டென்ஷன், விஸ்பியர் வெப்கிளையன்ட் என்று உள்ளே சில கணக்குகள் இருக்கின்றன, சொல்யூஷன் யூசர் என்பார்கள். அவற்றுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, ஆளுக்கொரு சர்டிபிகேட் உண்டு, அதைக் காட்டித்தான் எஸ்டிஎஸ்-இடம் டோக்கன் வாங்கி வேலை செய்கின்றன. ஆகவே முத்திரை காலாவதியான அன்று லாகின் மட்டும் தடைபட்டது என்று நினைத்து ஒருவர் "எதற்கும் ரீஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்று விசென்டரை ரீபூட் செய்தால், சர்வீஸ்கள் பாதியில் நின்றுவிடும், எழாது. அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்ததும் போச்சு.

இந்த முத்திரைக்கு என்ன ஆயுள் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் 2020-ன் கதை. 2018-ல் வந்த 6.5 அப்டேட் 2 முதல் புதிதாக நிறுவிய விசென்டர்களில் சைனிங் சர்டிபிகேட்டின் ஆயுள் 2 வருடம்தான். பழையதிலிருந்து மேம்படுத்தி வந்தவற்றில் 10 வருடம். ஒரே பதிப்பு, ஒரே கட்டமைப்பு, பக்கத்து அலுவலகத்தில் ஓடுகிறது, இங்கே நின்றுவிட்டது என்று ஆளுக்காள் குழம்பியதற்குக் காரணம் இதுதான். மற்ற சர்டிபிகேட்கள் கண்ணில் படும் இடத்தில் இது இல்லை, வேறு எதையோ பார்த்துவிட்டு "எல்லாம் பச்சையாக இருக்கிறது" என்று விட்டவர்கள் ஏராளம். விஎம்வேர் பிறகு செக்எஸ்டிஎஸ் என்று ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்டும், சரிசெய்ய ஃபிக்ஸ்எஸ்டிஎஸ் என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டும் வெளியிட்டது.

லாகின் ஆகிவிட்டது, ஆனால் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை என்பது இன்னொரு வகைக் குழப்பம். ஆக்டிவ் டைரக்டரியை ஐடென்டிட்டி சோர்ஸாக, அதாவது பயனர்களைத் தேடும் இடமாகச் சேர்த்தாயிற்று, பயனர் பாஸ்வேர்டு போடுகிறார், "எந்த விசென்டரிலும் உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது, உடனே எஸ்எஸ்ஓ உடைந்துவிட்டது என்று டிக்கெட் போடுகிறார்கள். எஸ்எஸ்ஓ இங்கே தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. நீங்கள் யார் என்று சொல்வது வரைதான் அதன் பொறுப்பு, நீங்கள் என்ன செய்யலாம் என்பதை விசென்டர் தன் பெர்மிஷன் பட்டியலைப் பார்த்துத் தானே முடிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் அந்தக் குழுவைச் சேர்க்க மறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆக்டிவ் டைரக்டரியைச் சேர்ப்பதில் மூன்று வழி. விசென்டரையே டொமைனில் ஒரு மெஷினாக இணைத்துவிடும் இன்டெக்ரேட்டட் விண்டோஸ் ஆதென்டிகேஷன், எல்டாப் வழியாகக் கேட்பது, 7.0-ல் தொடங்கிய ஃபெடரேஷன். முதல் வழி சுலபம், ஆனால் 7.0-லேயே அதை ஓரங்கட்டியாகிவிட்டது. அதில் 2021 நவம்பரில் சிவிஇ-2021-22048 என்ற ஓட்டை வெளியானபோது முதலில் பேட்ச் இல்லை, எல்டாப்புக்கோ ஃபெடரேஷனுக்கோ மாறிக்கொள்ளுங்கள் என்பதுதான் பதிலாக வந்தது, பேட்ச் வர அடுத்த ஆண்டு ஜூலை ஆனது. எல்டாப் வழியில் போவோர் பாதுகாப்பான எல்டாப்எஸ் வைத்தால், ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் சர்டிபிகேட் புதுப்பிக்கப்படும் நாளை விசென்டர் பார்க்கிறவருக்கும் யாராவது சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் நகல் விசென்டரில் ஏற்றப்பட்டிருக்கிறது.

மூன்றாவது வழியான ஃபெடரேஷனில் பாஸ்வேர்டு விசென்டருக்கு வருவதே இல்லை. பிரவுசர் உங்களை மைக்ரோசாஃப்டின் லாகின் சர்வீஸான ஏடிஎஃப்எஸ்-க்குத் தள்ளிவிடும், அங்கே லாகின், அங்கேயே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, திரும்பி வரும்போது கையில் டோக்கன். முதலில் ஏடிஎஃப்எஸ் மட்டும்தான் இருந்தது, 2023-ல் 8.0 அப்டேட் 1-ல் ஒக்டாவும் அப்டேட் 2-ல் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவும் சேர்ந்தன. புதிதாகக் கட்டுபவர் யாராக இருந்தாலும் இந்த வழியைத்தான் நான் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: விஸ்பியர்.லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டு எழுதி எங்காவது பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும், அந்தப் பெட்டி அதே கிளஸ்டரில் ஓடும் பாஸ்வேர்டு மேனேஜராக இருக்கக் கூடாது. டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாமே விசென்டர் நிர்வகிக்கும் விர்சுவல் மெஷின்கள், விசென்டருக்குள் நுழைய டொமைன் கன்ட்ரோலர் வேண்டும். முழு மின்தடைக்குப் பிறகு எது முதலில் எழும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

பாதுகாப்புப் பக்கம் இரண்டைச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் விஎம்டிர் டைரக்டரியிலேயே ஒரு ஓட்டை, சிவிஇ-2020-3952, தீவிரம் 10-க்கு 10. புதிதாக நிறுவிய 6.7-ல் அது இல்லை, பழைய 6.0, 6.5-லிருந்து மேம்படுத்தி வந்த 6.7-ல் மட்டும்தான் இருந்தது. சைனிங் சர்டிபிகேட் விஷயத்தில் புதிதாக நிறுவியவர்கள் மாட்டினார்கள், இதில் மேம்படுத்தியவர்கள் மாட்டினார்கள், கணக்கு நேர். இன்னொன்று 2024-ல் வந்த சிவிஇ-2024-37085. இது விசென்டரில் அல்ல, டொமைனில் நேரடியாக இணைத்த இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டில். "இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்" என்ற பெயரில் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு குழு இருந்தால் அதில் உள்ளவர்களுக்கு ஹோஸ்டில் முழு அதிகாரம் கிடைத்தது. அப்படியொரு குழு இல்லையென்றால்? யாராவது உருவாக்கினாலே போதுமாக இருந்தது, பெயர் ஒத்துப்போனால் ஹோஸ்ட் நம்பிவிட்டது. ரான்சம்வேர் கும்பல்கள் இதைப் பயன்படுத்தியதை மைக்ரோசாஃப்ட் அந்த ஜூலையில் வெளியிட்டது. ஆக்டிவ் டைரக்டரி ஒரு இடத்தில் விழுந்தால் மொத்த கட்டமைப்பும் சேர்ந்து விழும்படி கட்டுவது ஏன் என்றுதான் இதைப் படித்தபோது தோன்றியது. ஹோஸ்டுகளை டொமைனில் இணைக்காமலே காலம் தள்ளலாம்.

விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கிய பிறகு அதற்கு மாற்றான பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் பலர் எட்டிப் பார்க்கிறார்கள், அதனால் ஒரு ஒப்பீடு. அங்கே மைய நிர்வாக சர்வர் என்று தனியாக வேண்டியதில்லை, கிளஸ்டரில் எந்த நோடில் வேண்டுமானாலும் லாகின் செய்யலாம். லினக்ஸின் சொந்த லாகின் முறையான பிஏஎம், பிராக்ஸ்மாக்ஸின் சொந்தப் பட்டியல், எல்டாப், ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன்ஐடி கனெக்ட் என்று ரியல்ம்கள், அதாவது பயனர்களைச் சரிபார்க்கும் வழிகள். லாகின் ஆனதும் கையொப்பமிட்ட ஒரு டிக்கெட் தரும், ஆயுள் 2 மணி நேரம். இயந்திரம் சின்னது, உடைய இடமும் குறைவு. ஆனால் அங்கேயும் கையொப்பம், கடிகாரம் இரண்டும் இல்லாமல் நடக்காது.

லிங்க்டு மோட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விஎம்டிர் டைரக்டரிகள் தங்களுக்குள் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்கின்றன, எது எந்த எண் வரை பெற்றது என்று ஒவ்வொன்றும் கணக்கு வைத்திருக்கும். அதில் ஒரு விசென்டரை மட்டும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு ஒரு நேரத்தில் பதிந்துவைத்த நிலைக்குத் திருப்பினால் அதன் எண்கள் பின்னால் போய்விடும், மற்றவை "இதெல்லாம் ஏற்கெனவே வாங்கியாயிற்று" என்று அதன் புதிய மாற்றங்களை வாங்காமல் விட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வாரங்கள் கழித்து ஒரு பக்கத்தில் இருக்கும் பயனர் இன்னொரு பக்கத்தில் இல்லை என்று ஆரம்பிக்கும். ஆகவே ஸ்னாப்ஷாட் என்றால் எல்லா விசென்டரையும் ஒரே நேரத்தில் அணைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் எடுக்க வேண்டும், திருப்பினாலும் எல்லாவற்றையும் திருப்ப வேண்டும்.

இப்போது அந்தக் காலைக்குத் திரும்பலாம். விசென்டர் இல்லாவிட்டாலும் ஹெச்ஏ வேலை செய்யும், ஒரு ஹோஸ்ட் போனால் அதில் இருந்த மெஷின்கள் வேறு ஹோஸ்டில் எழும். சுமையைப் பங்கிடும் டிஆர்எஸ் இல்லை, ஓடும் மெஷினை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் விமோஷன் இல்லை, இரவு பேக்கப் ஓடியிருக்காது. ஆகவே பதறத் தேவையில்லை, ஆனால் நாளைக்குத் தள்ளவும் முடியாது. விசென்டர் எந்த ஹோஸ்டில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஹோஸ்டின் வெப் பக்கத்திலும் ரூட் கணக்கில் நுழைந்து பார்க்க வேண்டும். ஹோஸ்டுக்குள் நேரடியாக நுழைவதைத் தடுக்கும் லாக்டவுன் மோடை மிகக் கறாரான நிலையில் வைத்துவிட்டு விதிவிலக்குப் பயனர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் விட்டவர்களுக்கு அந்தக் கதவும் மூடியிருக்கும்.

கண்டுபிடித்ததும் விசென்டர் மெஷினை ஒழுங்காக அணைத்து, ஸ்னாப்ஷாட் எடுத்து, மறுபடி ஆன் செய்து, சர்வீஸ்கள் எழாவிட்டாலும் அந்த மெஷினுக்குள் ரூட்டாகப் போக வேண்டும். அந்த ரூட் பாஸ்வேர்டும் 90 நாளில் காலாவதி ஆகும்படி இயல்பாகவே வைத்திருப்பார்கள், அது தெரியாதவர் இங்கே இன்னொரு அரை மணி நேரம் பூட் வரியைத் திருத்திக்கொண்டிருப்பார். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்துவிட்டதென்றால் விடிசிஅட்மின்டூல் இருக்கிறது, மெனுவில் 3-ஐத் தட்டி கணக்கின் பெயரைக் கொடுத்தால் தானே ஒரு பாஸ்வேர்டை உருவாக்கித் தரும், தட்டச்சு செய்யவே சிரமமான குறிகளோடு. அதை வைத்து ஃபிக்ஸ்எஸ்டிஎஸ்-ஐ ஓட்டி, எல்லா சர்வீஸையும் நிறுத்திக் கிளப்ப வேண்டும், ஒரே எஸ்எஸ்ஓ டொமைனில் உள்ள மற்ற விசென்டர்களிலும் சேர்த்து.

சில இடங்களில் இதற்கு அப்புறமும் சர்வீஸ்கள் எழாது. ஸ்கிரிப்ட் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். மெஷின் எஸ்எஸ்எல் சர்டிபிகேட்டுக்கும் சொல்யூஷன் யூசர்களின் சர்டிபிகேட்டுகளுக்கும் விஎம்சிஏ கொடுப்பது அதே 2 வருடம்தான், அவையும் அதே இன்ஸ்டால் நாளில் அச்சானவை. முத்திரையை மாற்றிய கையோடு சர்டிபிகேட் மேனேஜரைத் திறந்து, 8-ஆவது வாய்ப்பான எல்லாவற்றையும் புதிதாக்குவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இன்னொரு தடவை காத்திருக்க வேண்டியதுதான்.